எழுதியது யாரோ, ஆளப்போவது நீ!

ஒரு ஸ்கிரிப்ட் உன் கைக்கு வருகிறது. லினக்ஸ் சர்வருக்காக எங்கோ இருக்கும் யாரோ எழுதியது. லாக் கோப்பைப் படித்து, தவறான கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையப் பார்த்தவர்கள் யார், எந்த முகவரியிலிருந்து வந்தார்கள், எத்தனை முறை முயன்றார்கள் என்று எண்ணி, விடிந்ததும் மின்னஞ்சலில் அறிக்கை அனுப்புவது அதன் வேலை. உன் அலுவலக சர்வரில் ஓடுவதோ ஃப்ரீபிஎஸ்டி. "இதை நம்ம மெஷின்ல ஓட வைப்பா" என்கிறார் மேலாளர். ஓட்டிப் பார்க்கிறாய். முதல் வரியிலேயே பிழைச் செய்தி வந்து நிற்கிறது.

உடனே உனக்குள் ஒரு குரல் எழுகிறது. "இதை எழுதினவர் பெரிய ஆள். நான் எங்கே, அவர் எங்கே? இது எனக்கு ஆகாது."

தம்பி, தங்கையே! அந்தக் குரலுக்குச் செவி கொடுக்காதே. ஸ்கிரிப்டை எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாகவும் இருக்கட்டும். அவருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். அதுதான் உன் மெஷின். அதில் என்னென்ன மென்பொருள் ஓடுகிறது, எந்த நேரத்தில் யார் நுழைவார்கள், எது அன்றாட இயல்பு, எது விபரீதம் என்பதெல்லாம் உனக்கு மட்டுமே தெரியும். அந்த ஸ்கிரிப்டை அந்த மெஷினில் வாழவைக்க உன்னைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை. உன்னை மகிழ்விப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இது இந்தத் தொழிலின் உண்மை.

மாற்றி அமைப்பது மட்டமான வேலையா?

"சொந்தமாக எழுதினால்தானே பெருமை? அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் முன்னோடியான யூனிக்ஸின் வரலாற்றைப் படிக்காதவர்கள்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. அதற்குக் கென் தாம்ப்சன் எழுதிய உரைத்திருத்தி 'எட்'. அந்த எட்டுக்குள் இருந்த தேடும் திறனைத் தனியே எடுத்து அவரே அமைத்ததுதான் 'க்ரெப்'. லாக் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட் எதைத் திறந்தாலும் இன்றுவரை அதில் நிற்கிறது அந்த க்ரெப். அதே எட்டை எடுத்து லண்டனில் ஜார்ஜ் கூலூரிஸ் 'எம்' என்று மாற்றினார். எம்மைப் பார்த்த பெர்க்லி மாணவர் பில் ஜாய், அதிலிருந்து 'எக்ஸ்' என்பதையும் 'விஐ' என்பதையும் வளர்த்தெடுத்தார். விஐ போல ஒன்று வேண்டுமென்று அடாரி கணினிக்கு ஒருவர் எழுதிய 'ஸ்டீவி'யை அடிப்படையாகக் கொண்டு தன் அமிகா கணினியில் வளர்த்து, 1991-இல் 'விம்' என வெளியிட்டார் பிராம் மூலனார். உலகெங்கும் சர்வர் நிர்வாகிகள் இன்று திறக்கும் விம், கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் புதிதாகப் பிறந்தது.

லாக் கண்காணிப்பிலேயே இன்னொரு சான்று. 'லாக்செக்' என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர் கிரெய்க் ரோலண்ட். அவர் அதை வெறுங்காற்றிலிருந்து எடுக்கவில்லை. 'கான்ட்லெட்' என்ற ஃபயர்வாலுடன் வந்த, மார்கஸ் ரேனமும் ஃப்ரெட் அவோலியோவும் எழுதிய ஒரு சிறு ஸ்கிரிப்டை அடிப்படையாக வைத்துத்தான் செய்தார். அதை அவர் மறைக்கவுமில்லை. பிறகு டெபியன் குழுவினர் அதை எடுத்துத் தங்கள் இயங்குதளத்துக்கு ஏற்ப வளர்த்தார்கள். இவர்களில் எவரும் தாழ்ந்துபோய்விடவில்லை. புரிந்துகொண்டு மாற்றுகிறவர்தான் அடுத்த படியைக் கட்டுகிறார். நீயும் அந்த வரிசையில் நிற்கப் போகிறாய் என்பதை நெஞ்சில் எழுதிக்கொள்!

பயமுறுத்தும் பிழைகளின் உண்மையான உயரம்

இப்போது அந்த ஸ்கிரிப்டைத் திற. உன்னை மிரட்டிய ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்று பார்.

முதல் வரி 'பின்' கோப்புறையில் பாஷ் என்ற ஷெல் இருப்பதாக நம்புகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிறுவலில் பாஷ் கிடையாது. தனியே நிறுவினால் அது 'யூஎஸ்ஆர் லோக்கல் பின்' கோப்புறைக்குப் போகும். அந்தப் பாதையைக் கொடுத்துவிடலாம். அல்லது பாஷுக்கே உரிய உத்திகளை நீக்கி, எந்த யூனிக்ஸிலும் இருக்கும் எளிய ஷெல்லில் ஓடும்படி எழுதிவிடலாம். இரண்டாவது வழி கூடுதல் உழைப்பு கேட்கும். ஆனால் உன்னை வளர்க்கும்.

அடுத்து, லாக் கோப்பு எங்கே? ரெட்ஹேட் குடும்பத்தில் உள்நுழைவுப் பதிவுகள் 'செக்யூர்' என்ற கோப்பில் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் 'ஆத் டாட் லாக்'; டெபியனிலும் நெடுங்காலம் அதே பெயர்தான் இருந்தது. ஓபன்பிஎஸ்டியில் 'ஆத்லாக்'. உன் மெஷினில் எது எங்கே போகிறது என்பதை 'சிஸ்லாக் டாட் கான்ஃப்' என்ற அமைப்புக் கோப்பே சொல்லிவிடும். ஊகிக்க வேண்டியதில்லை, திறந்து படித்தால் போதும்.

அந்த லாக் வரிகளைக் கண்டு மலைக்கிறாயா? அதன் இலக்கணம் இவ்வளவுதான்: நேரம், மெஷின் பெயர், எழுதிய நிரலின் பெயர், அதன் செயல் எண், பிறகு செய்தி. எரிக் ஆல்மன் 1980-களில் பெர்க்லியில் தன் சென்ட்மெயில் மென்பொருளுக்காக உருவாக்கிய ஏற்பாடு இது. பயனுள்ளதாக இருந்ததால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தின் தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை 8 நிலைகள். செய்தி எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதற்கு 24 வகைகள். ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம்.

பிறகு தேதி. நேற்றைய தேதியைக் கேட்க லினக்ஸில் 'மைனஸ் டி' என்று கொடுத்து 'யெஸ்டர்டே' என்று எழுதுவார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வழி செல்லாது. அங்கே 'மைனஸ் வி' என்ற தெரிவோடு ஒரு நாளைக் கழிக்கச் சொல்ல வேண்டும். இதற்குள் இன்னொரு கண்ணி ஒளிந்திருக்கிறது. பழைய முறை லாக் வரியில் மாதத்தின் 5-ஆம் நாள் '05' என்று இருக்காது. பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி இருக்கும். ஸ்கிரிப்ட் '05' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. 15-ஆம் தேதி சோதித்தால் அருமையாக ஓடும். 1 முதல் 9 வரையான நாட்களின் பதிவுகள் மட்டும் ஒவ்வொரு மாதமும் கண்ணில் படாமல் போகும்! ஓர் எழுத்தை மாற்றினால் தீர்ந்தது. அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கும் கண் யாருக்கு வரும்? வரி வரியாகப் படிப்பவருக்கு வரும். உனக்கு வரும்.

இன்னும் இருக்கிறது. லாக் பெரிதானதும் பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்குவது லினக்ஸில் 'லாக்ரொட்டேட்', ஃப்ரீபிஎஸ்டியில் 'நியூசிஸ்லாக்'. எந்த அளவில் மாற்றுவது, எந்த முறையில் சுருக்குவது என்பதை அதன் அமைப்புக் கோப்பு சொல்லும். இதைப் பார்க்காமல் விட்டால், நள்ளிரவில் கோப்பு மாறிய நேரத்துப் பதிவுகள் உன் அறிக்கையில் விடுபடும். கையால் ஓட்டும்போது நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டதும் நின்றுவிடுகிறதா? க்ரான் தரும் தேடுபாதை குறுகியது. நீ தனியாக நிறுவிய நிரல்கள் அதில் அகப்படாமல் போகலாம். பாதையை ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதிவிடு.

பார்த்தாயா? மலை என்று நினைத்தாய். அருகில் போனால் படிக்கட்டு!

பிழை வராத இடத்தில்தான் பெரிய பிழை

இப்போது ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பிழைச் செய்தி ஒன்றுமில்லை. காலையில் மின்னஞ்சலும் வருகிறது: "தோல்வியுற்ற முயற்சிகள்: 0." மேலாளர் தட்டிக்கொடுக்கிறார். சாதாரண ஆள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவான். நீ நிறுத்தாதே! உன் திறமை வெளிப்படப்போகிற இடம் இதுதான்.

இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் ஒரு சர்வரில் இரவு முழுக்க ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லையா? அது நம்பும்படியாக இல்லையே என்று உன் அறிவு உறுத்த வேண்டும். இரவுக் காவலர் விசில் ஊதவில்லை என்றால் ஊரில் திருடன் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். காவலர் தூங்குகிறார் என்றும் கொள்ளலாம். எது உண்மை என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போய்ப் பார். லாக் கோப்பைக் கண்ணால் படி. லினக்ஸ் ஸ்கிரிப்ட் தேடுவது 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' என்ற சொற்களை. ஃப்ரீபிஎஸ்டியிலோ, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் நெடுநாள் இயல்பமைப்பில் கடவுச்சொல் சோதனை 'பாம்' என்ற அடுக்கின் வழியாக நடக்கும். அதனால் அங்கே எழுதப்படும் வரி 'எரர்: பாம்: ஆதென்டிகேஷன் எரர்' என்று தொடங்கும். தாக்குதல் நூற்றுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கலாம். ஸ்கிரிப்ட் தேடும் சொற்கள் மட்டும் அங்கே இருக்காது. எண்ணிக்கை பூச்சியம். பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை. எல்லாம் நலம் என்று ஒரு பொய்யான நிம்மதி.

இன்னொன்று. ஒரே வரி அடுத்தடுத்து வந்தால், பிஎஸ்டியின் சிஸ்லாக் சேவை அதைத் திரும்பத் திரும்ப எழுதாமல், 'முந்தைய செய்தி இத்தனை முறை வந்தது' என்று ஒரே வரியில் சுருக்கிவிடும். வரிகளை மட்டும் எண்ணும் ஸ்கிரிப்ட் ஐந்து முயற்சியை ஒன்று என்று எண்ணும். அந்தச் சுருக்க வரியையும் படித்து எண்ணைக் கூட்டும்படி எழுது; அல்லது சேவையின் அமைப்பில் அந்தச் சுருக்கத்தை நிறுத்து.

ஆகவே ஒரு சட்டம் வைத்துக்கொள்: கத்தும் என்று நிரூபிக்கப்படாத எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லை. நிரூபிக்க வழி மிக எளிது. 'லாகர்' என்ற கட்டளை ஒவ்வொரு யூனிக்ஸிலும் இருக்கிறது. நீ விரும்பும் வரியை லாக்கில் எழுதித் தரும். எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட 192.0.2.1 போன்ற முகவரியைப் போட்டு ஒரு பொய்த் தாக்குதலை எழுது. அறிக்கையில் அது வருகிறதா? அடுத்து வேறொரு கணினியிலிருந்து வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் போட்டுப் பார். அதுவும் வருகிறதா? தேதியை 5 என்றும் 15 என்றும் வைத்துச் சோதி. டிசம்பர் 31-க்கு மறுநாளைச் சோதி. பழைய முறை லாக் வரியில் ஆண்டே இருக்காது என்பதை மறக்காதே. கடைசியாக, 'இன்று இத்தனை வரிகள் படித்தேன்' என்ற ஒரு வரியை அறிக்கையில் சேர். தாக்குதல் இல்லாத நாளிலும் ஸ்கிரிப்ட் விழித்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இத்தனையும் செய்து முடித்தபின் அந்த ஸ்கிரிப்ட் யாருடையது? முதலில் எழுதியவர் பெயர் தலையில் இருக்கட்டும். அது அவருக்கு உரிய மரியாதை. ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்கும் இப்போது பதில் சொல்லக்கூடியவர் நீ. ஆளுமை என்பது இதுதான்!

75 சென்ட்டும் அரை நொடியும்

"நான் பாதுகாப்பு நிபுணன் இல்லையே" என்று இன்னும் தயங்குகிறாயா? கேள்.

1986. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் இருந்தார். தொலைநோக்கி வேலைக்கான நிதி தீர்ந்துபோனதால் அங்கேயே கணினிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு டாலர்கூட இல்லை! அவர் விடவில்லை. இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, கணக்கில் வராமல் கள்ளத்தனமாக நுழைந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பதிவு செய்தார். அவன் நுழைந்ததும் தன் இடுப்பிலிருந்த பேஜர் ஒலிக்கும்படி செய்தார். மாதக்கணக்கில் பின்தொடர்ந்த அந்தத் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளிலிருந்து எடுத்த தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு கூட்டம் அகப்பட்டது. கண்டுபிடித்தவர் நட்சத்திரங்களைப் படித்தவர்!

2024 மார்ச். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்களில் ஒருவர். வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடி! யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். அவர் தோண்டினார். 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் புதைத்துவைத்த கள்ளக்கதவு வெளியே வந்தது. முக்கியமான லினக்ஸ் இயங்குதளங்களின் நிலைப் பதிப்புகளில் அது பரவும் முன்னரே தடுக்கப்பட்டது. அவரும் பாதுகாப்புத் துறைக்காரர் இல்லை.

இருவருக்கும் பொதுவானது என்ன? பட்டமா? பதவியா? தங்கள் மெஷினின் இயல்பு நிலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இயல்பிலிருந்து ஒரு மயிரிழை விலகியபோதும் "ஏன்?" என்று கேட்டார்கள். பதில் கிடைக்கும்வரை நகரவில்லை. ஒரு லாக் ஸ்கிரிப்டை உன் மெஷினுக்கு ஏற்ப அமைக்கும்போது நீ பெறுவதும் இதே கண்தான். எந்த வரி அன்றாடம் வரும், எது வரக்கூடாது என்று தரம் பிரித்து எழுத உட்கார்ந்துபார்; சில வாரங்களில் அந்த சர்வரின் நாடித்துடிப்பு உனக்கு அத்துபடியாகிவிடும்.

தடைகள் என்று நீ நினைப்பவை

ஆங்கிலம் தடையா? கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவன சில நூறு சொற்கள். தினமும் ஒரு பக்கம் எடு. புரியாத சொல்லை எழுதிவை. தமிழ்வழியில் படித்தது உனக்குக் குறை என்று எவன் சொன்னாலும் நம்பாதே. கணினிக்கு உன் உச்சரிப்பு கேட்காது. உன் தர்க்கம் மட்டுமே கேட்கும்.

விலை உயர்ந்த கருவி இல்லையா? ஃப்ரீபிஎஸ்டி இலவசம். உன்னிடம் இருக்கும் பழைய மடிக்கணினியிலேயே ஒரு மெய்நிகர் மெஷினாக நிறுவிக்கொள். உடைந்தால் அழித்துவிட்டு மீண்டும் நிறுவு. உடைப்பதற்கு அஞ்சாத இடம் ஒன்று கிடைத்தவன் கற்பதை யாராலும் தடுக்க முடியாது.

கேட்பதற்குக் கூச்சமா? கேள்வி கேட்பதற்கு முன் நீ செய்து பார்த்ததை எழுது: எந்தப் பதிப்பு, எந்த வரி, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. இந்த நான்கையும் எழுதும்போதே பல நேரம் விடை தானாகக் கண்ணில் படும். படாவிட்டாலும், இப்படிக் கேட்பவனை அனுபவசாலிகள் மதிப்பார்கள்.

பெற்றதைத் திருப்பிக் கொடு

ஸ்கிரிப்ட் ஓடுகிறது, நிரூபித்தும்விட்டாய். வேலை முடிந்ததா? ஒரு படி மீதம் இருக்கிறது. நீ செய்த மாற்றத்தை முதலில் எழுதியவருக்கு அனுப்பு. "ஃப்ரீபிஎஸ்டியில் ஓட இந்த வரிகளை மாற்றினேன், காரணம் இது, சோதித்த முறை இது" என்று தலைநிமிர்ந்து எழுது. ஏற்றாலும் சரி, திருத்தச் சொன்னாலும் சரி, நீ பயனாளர் என்ற இடத்திலிருந்து பங்களிப்பாளர் என்ற இடத்துக்கு ஏறிவிட்டாய்.

ஃப்ரீபிஎஸ்டியின் 'போர்ட்ஸ்' தொகுப்பைப் போய்ப் பார். வேறு தளங்களுக்காக எழுதப்பட்டவை உட்பட 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அங்கே ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. பலவற்றோடு சிறுசிறு திருத்தக் கோப்புகள் இருக்கும்: ஒரு பாதை மாற்றம், ஒரு தெரிவு மாற்றம், விடுபட்ட ஒரு வரி. நீ இன்று கற்ற அதே வேலை! ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் என்று ஒரு முகவரி உண்டு. தனிப் பொறுப்பாளர் இல்லாமல் பொதுக் குழுவின் பெயரில் கிடப்பவையும் ஏராளம். அவை ஆள் தேடிக் காத்திருக்கின்றன. அங்கே உன் பெயர் ஏன் வரக்கூடாது?

இளைஞனே, இளம்பெண்ணே! நாளைக்கு என்று தள்ளாதே. இன்றிரவே ஒரு ஸ்கிரிப்டை எடு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுது. எழுத முடியாத வரியில் நில், அதன் மேன் பக்கத்தைத் திற, புரிந்தபின் நகர். உன் மெஷினில் ஓட்டு. உடையட்டும். சரிசெய். ஓடினால், பொய்த் தாக்குதலால் அதைச் சோதி. தேறினால் ஊருக்கு அனுப்பு. அதை முடித்த கையோடு அடுத்ததை எடு. பத்து ஸ்கிரிப்ட் இப்படிக் கடந்தவனுக்குப் பதினோராவதைக் கண்டு பயம் வராது. பதினோராவதை அவனே எழுதுவான். எழுந்து உட்கார், டெர்மினலைத் திற, தொடங்கு!